கடதாசியில் இல்லாத பதினாறு பொதிகள்

என்னிடம் ஐந்து லொறி இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை முழுக்கக் கேட்ட பிறகு சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஒக்லாந்துக்கு வந்து இறங்கியபோது எனக்குத் தெரிந்த ஆங்கிலம் யெஸ், நோ, தேங்க்யூ, அவ்வளவுதான். அதிலும் நோவை நான் பாவித்ததே கிடையாது. லொறி கழுவ வருவாயா, யெஸ். சனிக்கிழமையும் வருவாயா, யெஸ். டயர் மாற்றத் தெரியுமா, அதற்கும் யெஸ், தெரியாவிட்டாலும். அப்படியே லைசென்ஸ் எடுத்து, பெரிய லொறிக்கு லைசென்ஸ் எடுத்து, அதற்கும் பெரியதற்கு எடுத்து, இன்றைக்கு ட்ரெயிலரில் இரண்டு கிரேன் பூட்டிய சைட் லோடர் இரண்டு உட்பட ஐந்து வண்டி என் பெயரில் ஓடுகிறது. எழுத்துப் பரீட்சையில் இரண்டு தரம் கோட்டை விட்டேன் என்பதை என் மனைவி எல்லா இடத்திலும் சொல்லுவாள். மூன்றாம் தரம் நூற்றுக்கு நூறு என்பதைச் சொல்லமாட்டாள். ஆகவே நான் சொல்கிறேன்.

ஆனால் லொறியைவிட நான் பெருமையாகக் காட்டுவது வேறொன்றை. என் யார்டில், அலுவலக மேசையில், சிவப்பு மட்டை போட்ட ஒரு புத்தகம் இருக்கும். வேலையில் ஏதும் பிழை நடந்தால், நடக்கப் பார்த்துத் தப்பினால்கூட, அதில் எழுதவேண்டும். என்ன நடந்தது, ஏன் நடந்தது, யாரால் நடந்தது. இருபத்தாறு வருடமாக அந்தப் புத்தகத்தில் ஒரு எழுத்துக் கிடையாது. யார் வந்தாலும் தேத்தண்ணி கொடுத்து, புத்தகத்தை விரித்து, 'பாருங்கோ, சுத்தம்' என்பேன். வெறும் கடதாசியை விரித்துக் காட்டிப் பெருமைப்படுகிற ஆள் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

என்னிடம் எட்டு வருடமாக ஓடுகிற ட்ரைவர் ஒரு பெண்பிள்ளை. எங்களுடைய ஆள்தான், யாழ்ப்பாணம். சூப்பர்மார்க்கெட்டில் பெட்டி அடுக்கிக்கொண்டு இருந்தவள், அங்கே வந்துபோன லொறிகளைப் பார்த்துப் பார்த்து, இதைவிட நான் நல்லாய் ரிவேர்ஸ் எடுப்பேன் என்று கிளம்பினாளாம். இரண்டு பிள்ளைகள். தமிழில் கேட்டால் இங்கிலீசில் பதில் சொல்லுவார்கள். புருஷன் ஆஸ்பத்திரியில் நேர்ஸ். சைட் லோடரை அவளைப்போலப் பிடிக்கிற ஆம்பிளையை நான் பார்த்ததில்லை, என்னைத் தவிர. அந்த வெறும் புத்தகத்தைப் பற்றி அவள் ஒருநாள் சொன்னாள்:

“அண்ணை, புத்தகம் வெறுமையாய்க் கிடக்குதெண்டால் ஒண்டும் நடக்கேல்லை எண்டு இல்லை. ஒருத்தரும் எழுதேல்லை எண்டுதான்.”

நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

இனிக் கோவிலுக்கு வருகிறேன். பிளாட் புஷ் பக்கத்தில் நாங்கள் ஒரு பழைய ஷெட்டை வாங்கி, அதைக் கோவில் ஆக்கி, பத்து வருடமாகத் தகரத்துக்குக் கீழே சாமி கும்பிட்டோம். பிறகு கருங்கல்லில் கருவறை கட்டுவது என்று முடிவானது. பிள்ளையார், பீடம், வாசல் நிலை எல்லாம் தமிழ்நாட்டில் ஒரு சிற்பக்கூடத்தில் செதுக்கி, ஒரு கன்டெய்னரில் ஏற்றி, கப்பலில் வந்து சேர்ந்தது. கோவில் கமிட்டி பதினைந்து பேர். தலைவர் ஓய்வுபெற்ற வாத்தியார், எல்லாரையும் 'ஐசே' என்றுதான் கூப்பிடுவார். செயலாளர் தமிழ்நாட்டுப் பிள்ளை, எல்லர்ஸ்லியில் கம்ப்யூட்டர் வேலை. நான் போக்குவரத்துப் பொறுப்பு. வேறு யாரிடம் கொடுப்பார்கள்?

கல்லைத் துறைமுகத்திலிருந்து எடுத்து, பூச்சி, மண் பார்க்கிறவர்கள் கதவைத் திறந்து பார்த்து, சரி சொல்லி, எல்லர்ஸ்லிக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் நிலத்தில் வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை அதைத் தூக்கிக் கோவிலுக்குக் கொண்டுவரவேண்டும். பத்தரைக்கு ராகு காலம் தொடங்கும். அதற்கு முன்னம் லொறியின் முன் சில்லு கோவில் வாசலில் நிற்கவேண்டும் என்று ஐயர் சொல்லிவிட்டார். நான் முதல்நாள் பூசையில் மைக்கைப் பிடித்து, “என்ர லொறி பத்து மணிக்கு வாசல்ல நிக்கும். பத்து ஒண்டுக்கு வந்தால் என்ர பேரை மாத்திக் கூப்பிடுங்கோ” என்று சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். மைக்கை வாங்குகிறபோது தலைவர் மாத்திரம், “ஐசே, பேசாமல் கொண்டுவந்தால் காணாதோ?” என்றார்.

வெள்ளிக்கிழமை ஒன்பதே காலுக்கு நான் கோவில் வாசலில் நிற்கிறேன். வேட்டி, சால்வை. பெண்கள் நிறைகுடம் வைத்தாகிவிட்டது. நாதஸ்வரம் ஸ்பீக்கரில் போகிறது. டயருக்கு வைக்க எலுமிச்சம்பழம் நான்கு என் சட்டைப் பையில். ஃபோன் அடித்தது.

“அண்ணை, கன்டெய்னரைத் தூக்கிப் பார்த்தனான். இது சரியில்லை” என்றாள் ட்ரைவர்.

“என்ன சரியில்லை?”

“முன் கை ஆறு காட்டுது. பின் கை பன்னிரண்டு காட்டுது.”

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சைட் லோடரில் இரண்டு கிரேன், முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. இரண்டும் சேர்ந்து கன்டெய்னரைச் சங்கிலியால் பிடித்துத் தூக்கும். ஒவ்வொரு கையிலும் தராசு உண்டு. பாரம் நடுவில் இருந்தால் இரண்டு கையும் ஏறக்குறைய ஒரே கணக்குக் காட்டும். ஆறும் பன்னிரண்டும் என்றால், பின் கதவுப் பக்கத்தில் ஏதோ குந்திக்கொண்டு இருக்கிறது என்று அர்த்தம்.

“கடதாசியில என்ன கிடக்கு?”

“கடதாசியில பதினாறரைத் தொன், பாரம் நடுவில எண்டு கிடக்கு. தராசு பதினெட்டு எண்டுது.”

“உந்தத் தராசு பழசு, தங்கச்சி.”

“போன மாதம்தான் சரி பார்த்தது. நீங்கள்தான் கையெழுத்து வைச்சனீங்கள்.”

பெண்கள் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். நான் கொஞ்சம் தள்ளிப் போய், குரலைத் தணித்து, “சரி, மெல்லமாய் ஓட்டிக்கொண்டு வா. கிட்டத்தானே. பத்தரைக்கு ராகு காலம்” என்றேன்.

ஃபோனில் லொறி எஞ்சின் நிற்கிற சத்தம் கேட்டது.

“ஓம் அண்ணை. இப்ப சொன்னதை அப்படியே மெசேஜில போட்டுவிடுங்கோ.”

“ஏன்?”

“நாளைக்கு ஆரும் கேட்டால் காட்டவேணும் எல்லோ.”

நான் மெசேஜ் திறந்தேன். 'மெல்லமாய்' என்று எழுதினேன். அழித்தேன். அதற்கு மேல் விரல் போகவில்லை.

ஏன் போகவில்லை என்றால் எனக்குச் சட்டம் தெரியும். சில வருடத்துக்கு முன்னம் லொறி முதலாளிகளுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். எடுத்தவர் பழைய ட்ரைவர், கதவளவு தோள். பலகையில் ஒரு சங்கிலி கீறினார். அனுப்புகிறவன் ஒரு வளையம், பெட்டியில் அடுக்குகிறவன் ஒரு வளையம், ஏற்றுகிறவன், ஓடச் சொல்லுகிறவன், லொறிக்காரன், ட்ரைவர், வாங்குகிறவன். லொறி பாரம் கூடினாலோ, ட்ரைவர் நித்திரை முழித்து ஓடினாலோ, வேகமாய் ஓடினாலோ, ட்ரைவரை மட்டும் பிடிக்கிற காலம் போய்விட்டது, அதற்குக் காரணமாய் இருந்த அத்தனை பேரையும் சட்டம் பிடிக்கும் என்றார். அவசரப்படுத்தி ஒரு ஃபோன் எடுத்தவனைக்கூட. பிறகு, “இதில் நீ எந்த வளையம்?” என்று ஒவ்வொருவரையும் கேட்டார். கோட்டுப் போட்டவர்கள் எல்லாம் நீளமாக விளக்கம் சொன்னார்கள். என் முறை வந்தபோது எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், “ஆல்” என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முழு வகுப்பிலும் என் கையைத்தான் குலுக்கினார்.

அந்தக் கை இப்போது ஃபோனைப் பிடித்துக்கொண்டு கோவில் வாசலில் நிற்கிறது. நான் காரை எடுத்தேன்.

கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. கன்டெய்னர் திரும்ப நிலத்தில் இருந்தது. அவள் லொறியின் படியில் குந்திக்கொண்டு பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டு இருந்தாள். செயலாளர் பக்கத்து ஒஃபிசிலிருந்து நடந்தே வந்துவிட்டார், கழுத்தில் அடையாள அட்டை ஆடுகிறது.

“அண்ணே, இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு. அக்கா ஒத்துக்கிட்டா கிளம்பிடலாம்” என்றார்.

“தம்பி, நீங்கள் ஒத்துக்கொண்டு நீங்களே ஓட்டுங்கோ” என்றாள் அவள்.

“எனக்கு கார் லைசென்ஸ்தான் அக்கா.”

“அப்ப பேசாமல் நில்லுங்கோ.”

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள். “அண்ணை, கடதாசியில இல்லாதது ஒண்டரைத் தொன் உதுக்குள்ள இருக்கு. அது என்னெண்டு தெரியாமல் நான் தூக்கமாட்டன். மோட்டர்வேயால இறங்கிற வளைவில லொறியின்ர பின்பக்கம் வால் மாதிரி அடிச்சுதெண்டால் நான் மட்டும் இல்லை, பக்கத்தில காரில போற சனமும் சேர்ந்துதான்.”

கடதாசியில் இல்லாதது என்று அவள் சொன்னவுடன் எனக்குக் காது சூடேறியது. ஏனென்றால், அதில் ஒரு தொண்ணூறு கிலோவைப் பற்றி எனக்குத் தெரியும்.

சொல்லிவிடுகிறேன். ஆறு மாதத்துக்கு முன்னம் தலைவர் வீட்டில் தோசை சாப்பிட்டோம். கிரைண்டரில் அரைத்த மா. சாப்பிட்டுக்கொண்டே தலைவர், “கல்லில ஆட்டின மாவின்ர மென்மை உந்த மெசினுக்கு வராது, ஐசே” என்று பெரிய பிரசங்கம் வைத்தார். எனக்கு அது மனதில் தைத்துவிட்டது. தலைவரிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கவேண்டும் அல்லவா? சிற்பக்கூடத்து மேனேஜருக்கு இரகசியமாக ஃபோன் போட்டு, “எனக்கு ஒரு ஆட்டுக்கல், நல்ல பெரிசாய், அந்த கன்டெய்னரில போட்டுவிடுங்கோ. ஒண்டே ஒண்டுதான். கமிட்டிக்குச் சொல்லவேண்டாம்” என்றேன். அவரும், “சரிங்க, ஒண்ணுதானே” என்றார். பதினாறு தொன்னில் ஒரு ஆட்டுக்கல் யாருக்குத் தெரியப்போகிறது?

“ஒரு ஆட்டுக்கல் ஒண்டரைத் தொன் வராது” என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

“திறந்து பார்ப்பம்” என்றாள். “கதவுக்கு நேர நிக்காதேங்கோ. பக்கத்தில வாங்கோ.”

கம்பியை விலக்கி, கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தாள். முதலில் தெரிந்தது சேலைகள். பழைய நூல் சேலையில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் சுற்றி, உருண்டையாகவும் தட்டையாகவும், பாதி உயரம் வரை பொதிகள். ஒவ்வொரு பொதியிலும் ஒரு அட்டை. அட்டையில் கறுப்பு மையில் பெயர். அவள் டோர்ச் அடித்து வாசிக்கத் தொடங்கினாள். முதல் அட்டை பொருளாளர். இரண்டாவது அன்னதானப் பொறுப்பு. மூன்றாவது பூந்தோட்டப் பொறுப்பு. ஒவ்வொரு பெயரும் எங்கள் கமிட்டி.

செயலாளர் மெல்லப் பின்னுக்கு நகர்ந்தார்.

“தம்பி, இது உங்கட பேர் எல்லோ?”

“அது... சின்ன அம்மிதான் அக்கா. சட்னிக்கு. வைஃப் ஆசைப்பட்டா.” பிறகு அவர் முகம் மாறியது. “ஐயோ, பேக்கிங் லிஸ்ட்ல நான்தானே அக்கா கையெழுத்துப் போட்டேன்.”

என் கண் மேலே போனது. மேலே ஒரு மூலையில் எல்லாவற்றிலும் பெரிய பொதி ஒன்று இருந்தது. அதன் அட்டையும் பெரியது. தொலைந்துபோகக் கூடாது, பெரிய எழுத்தில் எழுதுங்கள் என்று நான்தான் மேனேஜருக்குச் சொல்லியிருந்தேன். அவர் நல்ல மனுஷன், சொன்னபடி எழுதியிருந்தார். வீதியில் நின்றே வாசிக்கலாம்.

அவள் டோர்ச்சை அதில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். வாசிக்கவில்லை. அடுத்ததுக்குப் போனாள்.

“பதினாறு பொதி. கமிட்டியில எத்தினை பேர்?”

“பதினைஞ்சு” என்றார் செயலாளர்.

“தலைவருக்கு ரண்டு” என்றாள். “ஒரு ஆட்டுக்கல், ஒரு அம்மி. ஒருத்தரும் தப்பேல்லை.”

அப்போதும் எனக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது. ஒன்றரைத் தொன் என்ன, இறக்கி வைத்துவிட்டுப் போனால் முடிந்தது. அவள்தான் பொதிகளுக்கு மேலால் டோர்ச்சை உள்ளுக்கு அடித்துக் காட்டினாள். “இப்ப அங்க பாருங்கோ, அண்ணை.”

பிள்ளையாரின் பீடக்கல், தனியாகவே ஐந்து தொன், நடுவில் இருக்கவேண்டியது. அது நகர்ந்து வந்து எங்கள் பொதிகளில் சாய்ந்துகொண்டு இருந்தது. தரையில் அது இழுபட்ட கோடு வெள்ளையாகத் தெரிந்தது. அதை நகராமல் பிடிக்க முன்னுக்கு ஆணி அடித்து வைத்திருக்கவேண்டிய மரக்கட்டைகளைக் காணோம். ஆணி இருந்த ஓட்டைகள் மட்டும் இருந்தன.

“எங்கட ஆட்டுக்கல்லுகளுக்கு இடம் காணாமல் கட்டையை எடுத்துப்போட்டினம்” என்றாள். “கப்பல் ஆடின ஆட்டத்தில இவ்வளவு வந்திட்டுது. நான் வளைவில திரும்பியிருந்தால் மிச்சமும் வந்திருக்கும்.”

அவள் அந்த லொறியைக் கொண்டு அந்த வளைவில் இறங்குவதை நான் நினைத்துப் பார்த்தேன். மெல்லமாய் ஓட்டிக்கொண்டு வா என்று நான் சொன்ன சொல் அப்போதும் என் வாயிலேயே இருந்தது போல இருந்தது.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை, கொஞ்சம்தான். செயலாளர் தலைவருக்கு ஃபோன் எடுக்கத் தள்ளிப் போனார். அவள் கிடங்குக்காரரிடம் ஃபோர்க்லிஃப்ட் கேட்கப் போனாள். என் கார் பக்கத்தில் நின்றது. என் பொதி கையெட்டும் உயரத்தில் இருந்தது. பெயர் அட்டையைக் கிழித்தால்கூடப் போதும், ஆனால் எனக்கு யோசனை முழுதாக வந்தது. அதையே காருக்குள் போட்டுவிட்டால் பதினைந்து பொதி, பதினான்கு பேர், நான் சுத்தம். சால்வையை இடுப்பில் கட்டி, இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து இழுத்தேன். அசையவில்லை. திரும்ப இழுத்தேன். சட்டைப் பையிலிருந்து எலுமிச்சம்பழம் நாலும் விழுந்து உருண்டது.

“அண்ணை, இடுப்பு நாரி போகும்.”

பின்னால் அவள். ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

“பாரம் பார்க்கிறன்” என்றேன்.

“பார்த்திட்டியளோ?”

“ஓம். தொண்ணூறு கிலோ வரும்.”

“கடதாசியில போடுவமோ?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை, எட்டு வருடத்தில்.

செயலாளர் ஃபோனோடு ஓடி வந்தார். “அண்ணே, தலைவர். ரொம்ப கோபமா இருக்கார். நீங்களே பேசுங்க.” ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

“ஐசே! எங்க காணும் நிக்கிறீர்? மணி பத்தேகால். பெம்பிளையள் நிறைகுடத்தோட நிக்கினம். நேற்று மைக்கில என்ன சொன்னீர்?”

“மாஸ்டர், லொறி இண்டைக்கு வராது” என்றேன்.

“என்ன? ஏன் வராது? பாரம் கொஞ்சம் கூடினால் என்ன, எல்லாரும் ஓடினந்தானே!”

பீடக்கல்லைப் பற்றிச் சொன்னேன். கட்டை இல்லாததைச் சொன்னேன். அவர் விடவில்லை. “அது சிற்பக்கூடத்துக்காரன்ர பிழை, ட்ரைவர் பிள்ளையின்ர பொறுப்பு, எங்களுக்கு என்ன?” என்றார். அப்போதுதான் எனக்கு அந்தப் பலகையில் கீறின சங்கிலி ஞாபகம் வந்தது.

“மாஸ்டர், கட்டையை ஏன் எடுத்தவை தெரியுமோ? என்ர ஆட்டுக்கல்லுக்கு இடம் விட. நான் களவாய்ப் போடச் சொன்னனான். இப்ப முன்னால கிடக்குது, என்ர பேரோட.” மூச்சு எடுத்தேன். “உங்கட ரண்டும் பக்கத்தில கிடக்குது.”

நாதஸ்வரம் மட்டும் கேட்டது. நல்ல கல்யாணி. பிறகு தலைவரின் குரல், மிகவும் மெதுவாக: “ரண்டும் உடையாமல் இருக்கோ, ஐசே?”

பின்னேரம், இந்தியாவில் விடிந்த பிறகு, செயலாளர் சிற்பக்கூடத்து மேனேஜருக்கு ஃபோன் எடுத்தார். அவர் பாவம், மறைக்கவில்லை. “நீங்கதானே சார் கேட்டீங்க? ஆளாளுக்கு போன் போட்டு ஒண்ணுதான், ஒண்ணுதான்னீங்க. இடம் எங்க சார் இருக்கு? அப்புறம் கட்டையை எடுத்துட்டுத்தான் வச்சோம்.” எங்களில் யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டுவதற்கு வாய் இருக்கவேண்டும்.

அன்று மாலை நாங்கள் யார்டில் இருந்தோம். அவள் அந்தச் சிவப்பு மட்டைப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

“எழுதவேணும், அண்ணை.”

“ஒண்டும் நடக்கேல்லைத்தானே. லொறி அசையவே இல்லை.”

“அசைஞ்சிருந்தால் எழுத ஆள் இருக்காது.”

இருபத்தாறு வருடம். முதல் பக்கம் அப்படி வெள்ளையாய் இருந்தது. நான் என்ன, தேத்தண்ணி போட எழும்பிப் போகலாம். நாளைக்கு எழுதுவோம் என்று சொல்லலாம். நாளைக்கு என்றால் எழுதவே மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவள் பேனையைத் திறந்துகொண்டு இருந்தாள். அவசரப்படுத்தவில்லை.

“எழுது” என்றேன்.

இங்கிலீசில் எழுதினாள். ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு எல்லாம் போட்டாள். காரணம் என்ற இடம் வந்தது.

“காரணம் என்ன போட?”

“சிற்பக்கூடத்துக்காரர் கட்டையை எடுத்தது எண்டு போடு.”

“ஆர் எடுக்கச் சொன்னது?”

“ஒருத்தரும் எடுக்கச் சொல்லேல்லை.”

“அப்ப ஆராலை எடுத்தது?”

ஜன்னலால் பார்த்தேன். முற்றத்தில், வேறு லொறியில் ஏற்றிவந்த பதினாறு பொதியும் வரிசையாக இருந்தது. பின்னேர வெயிலில் என்னுடைய அட்டை நன்றாகத் தெரிந்தது.

“எங்கட பதினைஞ்சு பேரையும் எழுது. என்ர பேரை முதல்ல எழுது” என்றேன். “எதிலயும் நான் முதல்தான்.”

எழுதினாள். அதற்குக் கீழே, லொறியை எடுக்கச் சொல்லி முதலாளி ஃபோனில் சொன்னார் என்றும் எழுதினாள். அதை வாசித்துக் காட்டியபோது நான் வாயைத் திறந்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். மூடிக்கொண்டு கையெழுத்து வைத்தேன். என் கையெழுத்து நல்ல வடிவு, பாங்கிலே கூடச் சொல்லியிருக்கிறார்கள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் தச்சு வேலை. பீடத்தைப் பெரிய ஃபோர்க்லிஃப்டால் நடுவுக்குத் தள்ளி, நாலு பக்கமும் கட்டை அடித்து, பட்டி இறுக்கினோம். திங்கட்கிழமை ராகு காலம் ஒன்பதுக்கு முடிந்தது. ஒன்பது ஐந்துக்கு அவள் தூக்கினாள். முன் கை எட்டு, பின் கை எட்டரை. கடதாசியும் தராசும் ஒரே வாயால் பேசின.

கோவில் வாசலில் எல்லாரும் நின்றார்கள். வேலை நாள் என்று லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள். தலைவர் மாலையோடு என்னிடம் வந்தார். நான் கையால் லொறியைக் காட்டினேன். எனக்கு மாலை வேண்டாம் என்று இல்லை, ஆசைதான், ஆனால் அன்றைக்குக் கழுத்து கொஞ்சம் கூசியது. அவர் லொறிக் கதவடிக்குப் போய், “பிள்ளை, குனியும்” என்றார்.

“எனக்கு வேண்டாம் மாஸ்டர், லொறிக்குப் போடுங்கோ. கண்ணாடியை மறைக்காமல்.”

எலுமிச்சம்பழத்தை டயருக்கு வைக்கக் குனிந்தேன். மேலே ஜன்னலிலிருந்து அவள் குரல் வந்தது: “அண்ணை, நாலு எலுமிச்சம்பழமும் கடதாசியில இருக்கோ?” வாசலில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். தலைவர் எல்லாரையும்விடக் கூடுதலாகச் சிரித்தார், தன் இரண்டு பொதியையும் யாரும் கேட்டுவிடக் கூடாது என்று.

ஆட்டுக்கல் இப்போது எங்கே என்று கேட்பீர்கள். மவுண்ட் ரோஸ்கிலில் என் வீட்டுக்கு, சரியாகப் பாரம் எழுதி, சரியாகக் கட்டிக் கொண்டுபோனேன். மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

“நான் எப்ப ஆட்டுக்கல் கேட்டனான்?”

“கல்லில ஆட்டின மா...”

“ஆட்டப்போறது ஆர்?”

அடுத்த நாளே அதை யார்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன். அலுவலக வாசலில் இருக்கிறது. வெள்ளைப் பெயின்டால் அவள் அதில் '94 கிலோ' என்று எழுதிவிட்டாள். மத்தியானத்தில் அதன் மேல் குந்திக்கொண்டுதான் அவள் சாப்பிடுவாள்.

புத்தகத்தைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. கொஞ்ச நாளுக்குப் பிறகு கணக்காய்வு மாதிரி, பாதுகாப்பைப் பரிசோதிக்க வருடாவருடம் வருகிற பெண்மணி வந்தார். வழமைபோலத் தேத்தண்ணி கொடுத்தேன். புத்தகத்தைக் கொடுக்கக் கை கொஞ்சம் தயங்கியது. அவர் முதல் பக்கத்தை வாசித்தார், பெயர்களை ஒவ்வொன்றாக. வாசித்து முடித்துவிட்டு, இத்தனை வருடத்தில் இப்போதுதான் இந்தப் புத்தகத்தை நம்புகிறேன் என்றார். இருபத்தாறு வருடம் வெறும் பக்கத்தைக் காட்டி எனக்கு ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. இப்போது யார் வந்தாலும் அந்தப் பக்கத்தைத்தான் விரித்துக் காட்டுகிறேன். முதல் பெயர் யாருடையது என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

போன கிழமை தலைவர் ஃபோன் எடுத்தார். கோவிலுக்கு மணி வருகிறதாம், பெரிய வெண்கல மணி. “கடதாசியில எல்லாம் ஒழுங்காய்க் கிடக்குது, ஐசே. என்ர பேரில ஒண்டும் இல்லை. செவ்வாய்க்கிழமை மூண்டு மணிக்கு முன்னம் வாசல்ல நிக்கவேணும். வருமோ, வராதோ? ஒரு சொல்லில சொல்லும்.”

யெஸ் என்று வாய் வரை வந்தது. பழக்கம். நான் ஜன்னலால் பார்த்தேன். அவள் ஆட்டுக்கல்லில் குந்தியிருந்து சாப்பிட்டுக்கொண்டு, என்னைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

“மாஸ்டர், மணியைத் தூக்கிப் பார்த்துப்போட்டுச் சொல்லுறன்” என்றேன்.